வெளிவராத படத்தின் ஜாக்கெட்

கல்யாண ஜாக்கெட் தைக்கிறவளால் சினிமாப் பாட்டை நிம்மதியாகப் பார்க்க முடியாது. நான் எந்தப் பாட்டையும் நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்திருக்கிறேன். "ரெண்டாவது சரணத்துல ஒரு பச்சைச் சேலை கட்டி வருவா பாருங்கக்கா, அந்த ஜாக்கெட்டு முதுகு எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுக் கல்யாணப் பெண் பஸ் ஏறிவிடுவாள். பாட்டில் கதாநாயகி கண்ணிமைக்கிற நேரம்தான் திரும்புவாள். அப்போது கூந்தல் முதுகை மூடியிருக்கும். கூந்தல் விலகினால் கதாநாயகனின் கை வந்து மூடும். கையும் விலகினால் ஒளிப்பதிவாளர் சூரியனை நேராக கேமராவுக்குள் விட்டிருப்பார். கோடி கோடியாகக் கொட்டிப் படம் எடுக்கிறவர்களுக்கு, பின்பக்கம் கொக்கியா நாடாவா என்று ஒழுங்காகக் காட்டத் தெரிவதில்லை.

என் கடை கீரமங்கலம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. அளவெடுத்து, வெட்டி, தைப்பது நான். ஆரி வேலை என் கணவரின் அக்காவுடையது. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, நுனி வளைந்த ஊசியால் மணியும் ஜமிக்கியும் கோத்துப் பூப்போடுகிற வேலை அது. நாத்தனார் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டார். வாய் மட்டும் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வரும்.

எங்கள் இருவருக்கும் தகராறு என்றால் அது பாட்டில்தான். அவருக்குச் சோகப் பாட்டு வேண்டும். காதலி செத்துப்போயிருக்க வேண்டும். குறைந்தபட்சம் வேறொருவனைக் கட்டிக்கொண்டாவது போயிருக்க வேண்டும். எனக்குக் குத்துப்பாட்டு. இது வெறும் ரசனைச் சண்டை இல்லை, தையலில் தெரியும். சோகப் பாட்டு ஓடினால் அவர் நூலை இறுக்கி இழுப்பார், பூவெல்லாம் கூம்பிவிடும். குத்துப்பாட்டில் ஊசி துள்ளும், பூ தாராளமாக மலரும். ஒருமுறை இடது கையைச் சோகத்திலும் வலது கையைக் குத்திலும் முடித்துவிட்டோம். ஒரே ஜாக்கெட்டில் ஒரு கை வாடியும் ஒரு கை பூத்தும் நின்றன. பெண் வீட்டார் அதைப் புது மாடல் என்று நினைத்துச் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். அதற்குப் பிறகு, ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு வகைப் பாட்டு என்று பேசி முடிவுசெய்தோம்.

போன் விளையாட்டு கடைக்குள் வந்தது என் கணவரால். அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவோம். "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "சாப்டேன்." அதோடு சரக்கு தீர்ந்துவிடும். இரண்டு பேரும் சாப்பிட்டவர்கள் என்ற ஒரு தகவலை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க ஓட்ட வேண்டும். ஒருநாள் அவரே, "இப்படியே பேசிக்கிட்டு இருந்தா பைத்தியம் புடிச்சிரும், ஒரு கேம் அனுப்புறேன், எறக்கு" என்றார். துப்பாக்கி விளையாட்டு. விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும், கையில் கிடைத்ததை வைத்துச் சுட வேண்டும், கடைசிவரை சாகாமல் இருக்க வேண்டும். இல்லறத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

சீக்கிரமே நான் அவரைவிட நன்றாகச் சுட ஆரம்பித்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம் கடையில் வைத்தே விளையாடிக்கொண்டிருந்தோம்.

"ஏங்க, அங்கிட்டுப் போகாதீங்க! வீட்டுக்குள்ள ஆளு இருக்கான்! படுங்க, படுங்க!" என்று நான் கத்தினேன்.

நாத்தனார் ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "என் தம்பிய எவன்டி என்ன பண்றான்?"

"செத்துட்டாரு அண்ணி. திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். போனிலிருந்து அவருடைய தம்பி, "அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன், இவதான் காப்பாத்தாம ஓடிட்டா" என்று புகார் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. என்மேல் மட்டும் அந்தச் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

அந்த விளையாட்டுக்குள் ஒரு துணிக்கடை உண்டு. நம் ஆளுக்கு விதவிதமாக உடுப்பு மாட்டிப் பார்க்கலாம். தீவில் இருந்ததைவிட நான் அந்தக் கடையில் இருந்த நேரமே அதிகம். அங்கே ஒரு போர்க்காரி இருந்தாள். கழுத்திலிருந்து தோள் மேல் ஏறி, கை பாதி வரைக்கும் செம்பு நிறத்தில் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகக் கவசம். ஊரில் உள்ளவர்களுக்கு அது கவசம். எனக்கு எடுத்த எடுப்பிலேயே ஜாக்கெட். அதுவும் விரலால் தள்ளினால் போதும், அவள் மரியாதையாகத் திரும்பி முதுகைக் காட்டுவாள். கூந்தல் மறைக்காது. எந்தக் கதாநாயகனின் கையும் குறுக்கே வராது. பார்த்துப் பார்த்து அந்தச் செதில்களைப் பழைய லைனிங் துணியில் வெட்டி அடுக்கிக்கூடப் பார்த்தேன். போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

ஆள் தன் அம்மாவோடு வந்தாள். அப்பாவுக்குப் பூச்சந்தையில் கமிஷன் கடை. பெண் ஆலங்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். காலேஜில் கபடி ஆடியவள். நல்ல உயரம், நல்ல அகலமான தோள். அம்மா போனை நீட்டி ஒரு நடிகையின் படத்தைக் காட்டினார். அந்த நடிகையின் இரண்டு தோளையும் சேர்த்தால் இந்தப் பெண்ணின் ஒரு தோள் வரும்.

"அச்சு அசலா இதே மாதிரி வேணும்த்தா. ஆனா இவ தோளு மட்டும் கொஞ்சம் சின்னதாத் தெரியணும்" என்றார் அம்மா.

"தோள நான் வெட்ட முடியாதும்மா. துணியத்தான் வெட்ட முடியும்" என்றேன்.

பெண் சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. அவர் நாத்தனாரிடம் போய் ஜரிகை நிறம் பார்க்க ஆரம்பித்தார். நான் பெண்ணுக்கு அளவெடுத்தேன்.

"எதைப் போட்டாலும் கபடிக்கு எறங்குன மாதிரிதான்க்கா இருக்கும்" என்றாள் அவள் மெதுவாக. "பொண்ணு பாக்க வந்தப்ப எங்க அத்தை என்னை ஒக்காந்தே இருக்கச் சொல்லிருச்சு, எந்திரிக்கவே விடல. நீங்க ஏதோ ஒண்ணு தைங்க, விடுங்க."

எனக்கு அந்த 'ஏதோ ஒண்ணு' பிடிக்கவில்லை. பாவாடைக்கு நாடா கோக்கச் சொல்கிறவள்கூட அப்படிச் சொல்ல மாட்டாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனைத் திறந்து, போர்க்காரியைக் காட்டினேன்.

அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஐயோ, இது என் ஆளுதான்க்கா! நான் இவளை வச்சுத்தான் வெளாடுறேன்!"

"நீ கேம் வெளாடுவியா?"

"சத்தமாச் சொல்லாதீங்க. அம்மாவுக்குத் தெரியாது. ராத்திரி பசங்க பரீட்சை பேப்பர் திருத்துறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

பி.டி. டீச்சருக்கு ஏது பரீட்சைப் பேப்பர் என்று அந்த வீட்டில் யாருமே யோசித்ததில்லை. இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு பேசினோம். கழுத்துப் பட்டி வேண்டாம், செதில் தோளில் ஆரம்பித்துக் கையின் பாதியில் முடியட்டும், செம்பு நிறத்துக்குப் பதில் அரக்கும் பொன்னும். கண்ணாடி முன்னால் நின்று அவள் தோளை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டாள். அதுவரை கூனித்தான் நின்றிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நாத்தனார் படத்தை வாங்கிப் பார்த்தார். "கல்யாணப் பொண்ணுக்கா தைக்கிற, எல்லைச்சாமிக்கா? கையில ஒரு அருவாளையும் குடுத்துட்டா சரியா இருக்கும்" என்று என் காதில் சொன்னார்.

அம்மாவும் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இது எந்தப் படத்துல வருது?"

நான் முழித்தேன். பெண் தரையைப் பார்த்தாள். அப்போது, எதிர்க்கட்சியாக இருந்த நாத்தனார், கையிலிருந்த ஜரிகையை நீவிக்கொண்டே, "புதுப் படங்க. ராஜா காலத்துக் கதை. இன்னும் ரிலீஸ் ஆகல" என்றார்.

அம்மாவின் முகத்தில் விளக்குப் போட்டது மாதிரி ஆயிற்று. "ரிலீஸே ஆகலயா? அப்ப ஊர்ல எவளும் போட்டிருக்க மாட்டாளே!"

"ஒருத்தி போட்டிருக்க மாட்டா. நான் கேரண்டி" என்றார் நாத்தனார்.

அவர்கள் போன பிறகு, "ஏன் அண்ணி இப்படி அடிச்சு விட்டீங்க?" என்று கேட்டேன். "சும்மா வாய்ல வந்துச்சு. அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தேன், அதான்" என்று சொல்லிவிட்டு, "ஆனா இந்தச் செதில எவ தைக்கிறது?" என்று ஆரம்பித்தார்.

தைத்தது அவர்தான். ஒவ்வொரு செதிலுக்கும் நான் உள்ளே கேன்வாஸ் வைத்து விறைப்பாக வெட்டிக் கொடுக்க, அவர் ஓரத்தில் மணி கோத்து, நடுவில் ஜமிக்கி அடுக்கினார். பாட்டுப் பிரச்சினை மறுபடியும் வந்தது. சோகத்தில் செதில் சுருங்கியது, குத்தில் கோணியது. வேறு வழியில்லாமல், விளையாட்டு தொடங்குமுன் எல்லோரும் காத்திருக்கும்போது வருகிற முரசு இசையைப் போட்டுவிட்டேன். நாத்தனார் முதலில் காதைப் பொத்திக்கொண்டார். அடுத்த நாள் அவர் பாதம் தாளம் போட்டது.

"இதுல யாரும் சாகல போலயே?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரத்துல எல்லாரும் செத்துருவாங்க அண்ணி."

"அப்பச் சரி" என்று வேலையைத் தொடர்ந்தார். அவர் கையில் அவ்வளவு சீரான தையல் அதற்குமுன் விழுந்ததில்லை.

கல்யாணம் ஆலங்குடியில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஊர் அன்னவாசல். நானும் நாத்தனாரும் காலையிலேயே போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டோம். ஜாக்கெட் வருகிறது என்றுதான் எங்களுக்கு இருந்தது. பெண் வருவது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அவள் மணவறைக்கு நடந்து வந்தாள். தோள் நிமிர்ந்து இருந்தது. செதில்கள் ஒவ்வொரு அடிக்கும் மின்னின. மண்டபத்தில் பேச்சு நின்றது. சாம்பார் வாளியோடு போன ஆள்கூட நின்றான். நாத்தனார் மூக்கைச் சிந்தினார். கேட்டால் ஹோமப் புகை என்பார். ஐயர் அப்போது இன்னும் ஹோமம் மூட்டவே இல்லை.

பின்வரிசையில் கசமுசா தொடங்கிவிட்டது. "எந்தப் படத்து மாடலு?" என்று யாரோ கேட்க, பெண்ணின் அம்மா, "புதுப் படம். ரிலீஸ் ஆகல" என்று பெருமையாகச் சொன்னார்.

மாப்பிள்ளைக்கு ஒரு தாய்மாமா இருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருப்பதைப் பொறுக்காத ஜாதி. "ஏன் ஆகல? ஆயிருச்சே. நான் திருச்சியில பாத்துட்டேன்" என்றார்.

"அப்பிடியா? எப்படி இருக்குதுங்க?"

"மொதப் பாதி கொஞ்சம் இழுவை. இன்ட்ரவலுக்கு அப்புறம் பிரிச்சுட்டான்."

எனக்குக் காபி புரையேறியது. நாத்தனார் என் தலையில் தட்டிக்கொண்டே, "பாத்தியா, நல்லா ஓடுதாம்" என்றார்.

மாலை மாற்றும்போதுதான் வினை வந்தது. பூச்சந்தைக்காரர் வீட்டுக் கல்யாணம் என்பதால், பெண்ணின் அப்பா தன் கையாலேயே தேர்ந்தெடுத்த ரோஜா மாலை, தூக்கவே இரண்டு ஆள் வேண்டும் போல இருந்தது. மாப்பிள்ளை அதைப் பெண் கழுத்தில் போட்டார். மாலை இறங்கவில்லை. தோள் செதிலில் மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளை இழுத்தார். இதழ்கள் பொலபொலவென்று கொட்டின. இன்னும் கொஞ்சம் இழுத்தார். நார் தெரிய ஆரம்பித்தது. அப்பா தன் சொந்த மாலை பிய்வதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். ஒரு கிழவி "அபசகுனம்" என்பதற்கு வாயைத் திறந்தாள். நான் கத்தரிக்கோலைப் பையில் தேடிக்கொண்டே எழுந்தேன்.

தாய்மாமாவின் குரல் அதற்குள் மண்டபம் முழுக்கக் கேட்டது. "யாரும் பதறாதீங்கப்பா! படத்துலயும் இப்படித்தான். மாலை மாட்டிக்கிருமா, அங்கதான் பாட்டே ஸ்டார்ட் ஆகும்!"

கிழவி வாயை மூடிக்கொண்டாள். அபசகுனம், படத்தில் வருகிற காட்சி ஆகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். "இருங்க, நானே எடுத்துக்கிறேன்" என்று பெண் கபடியில் காலைப் பிடித்தவளிடமிருந்து உருவிக்கொண்டு வருகிற மாதிரி தோளை ஒரு ஆட்டு ஆட்டினாள். மாலை சரிந்து சரியாக உட்கார்ந்தது. ஒரு செதிலும் பிய்யவில்லை. நாத்தனார் என் கையைக் கிள்ளினார்.

கூட்டம் விடவில்லை. "அந்தப் பாட்டைப் போடுங்கண்ணே!" என்று மேளக்காரர்கள் பக்கம் குரல் போயிற்று. நாதஸ்வரக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், கனத்த ஆள். தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடும். தாய்மாமாவைப் பார்த்தார். தாய்மாமா கூரையைப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் சீவாளியை நாக்கில் நனைத்தார், தவில்காரரிடம் கண்ணைக் காட்டினார், ஊதினார். குதித்துக் குதித்து ஏறி, உச்சியில் ஒரு சுழல் சுழன்று, மடமடவென்று இறங்குகிற ஒரு மெட்டு. பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். "இதுதான், இதேதான்!" என்றார் தாய்மாமா. பக்கத்தில் இரண்டு பேர் தாங்களும் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் நாதஸ்வரக்காரரைப் பிடித்தேன். "அண்ணே, அது என்ன பாட்டு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நீ யாரு?"

"ஜாக்கெட்டு தைச்சவ."

"அப்ப ஒங்கிட்டச் சொல்லலாம்" என்று குரலைத் தாழ்த்தினார். "முகூர்த்தத்துக்கு நடுவுல பொழுது போகணும்ல தங்கச்சி. போன்ல இந்த மிட்டாய் ஒடைக்கிற வெளாட்டு வெளாடுவேன். ஒரு கட்டம் ஜெயிச்சா டிங்கு டிங்குனு ஒரு சத்தம் வரும். அதை எடுத்து, நம்ம மோகன ராகத்துல கொஞ்சம் தோச்சு விட்டேன்."

"நான்கூட ஜாக்கெட்ட கேம்லேருந்துதான் எடுத்தேன்ணே."

"படம்னாங்க?"

"படமே இல்ல."

அவர் வாய் கொப்பளிக்க எடுத்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு கேள்விப்பட்டேன், சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் மாலை மாற்றும்போது அந்த மெட்டைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்தில் வேறொரு செட்டு அதை ஊதியதாம். "நம்ம சரக்க இன்னொருத்தன் திருடுறான்" என்று எனக்குப் போன் போட்டு வருத்தப்பட்டார். வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகமாகக் கேட்டது.

எனக்கும் ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் 'அந்தப் படத்து ஜாக்கெட்' வேண்டும். சிலர் எனக்கே கதை சொன்னார்கள். ராணி கவசத்தோடு மணமேடைக்கு வருவாளாம், எதிரி ராஜாவைக் கட்டிக்கொள்ள. ஒருத்தி கடைசியில் ராணி செத்துவிடுவாள் என்றாள். நாத்தனாருக்கு அந்தக் கிளைமாக்ஸ் ரொம்பப் பிடித்தது. அந்தக் கபடிக் கல்யாணப் பெண்ணும் அவள் மாப்பிள்ளையும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு தீவில் குதிக்கிறார்கள். என் கணவரை முதலில் காப்பாற்றுவது அவள்தான். நான் இன்னும் ஓடிவிடுகிறேன்.

பெண்ணின் அம்மா ஒருநாள் கடைக்கு வந்தார். "என்னத்தா, டிவியிலகூட அந்தப் படத்தப் போடக் காணோமே. மாப்பிள்ளையோட தாய்மாமா திருச்சியில பாத்தேன்னாரு?"

நாத்தனார் ஊசியை நிறுத்தாமல், "ஒரே நாள்தாங்க ஓடுச்சாம், தூக்கிட்டாங்க. எடுத்தவனுக்கு ஏதோ பிரச்சினையாம்" என்றார்.

அம்மாவுக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்திருப்பான். ஜாக்கெட்டாவது நம்ம புள்ளைக்கு வந்துச்சே" என்று சொல்லி, வாங்கி வந்த மல்லிகைப்பூவில் எங்களுக்கும் கிள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பலாப்பழ சீசனில் நாத்தனாருக்கு என்னமோ ஆனது. பேருந்து நிலையத்தில் வண்டி வண்டியாகப் பழம் வந்து இறங்கும். அவர் டீ குடிக்கப் போனால் ஒரு பழத்தின் முன்னால் நின்று தோலைத் தடவிக்கொண்டிருப்பார். வியாபாரி, "வாங்குறீங்களா, கொஞ்சுறீங்களா?" என்று கேட்டே விட்டார். பிறகு அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல், பச்சைப் பட்டில் மஞ்சள் நூலால் சின்னச் சின்னக் கூம்புகளை எழுப்பி, கை முழுக்க நெருக்கமாக அடுக்கினார். பாட்டே போடவில்லை. அப்படியொரு வேலையை நான் எங்கும் பார்த்ததில்லை.

வங்கியில் வேலை பார்க்கிற ஒரு அம்மா அதை எடுத்துப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. "இது எந்தப் படத்துல வருது?"

நான் வாயைத் திறந்தேன். நாத்தனார் முறைத்தார்.

"எந்தப் படத்துலயும் வரலங்க. இது பலாப்பழம்" என்றார்.

அந்த அம்மா ஜாக்கெட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். அப்புறம் வந்தவர்களும் அதே கேள்வி, அதே பதில். "ஒரு வார்த்தை, புதுப் படம்னு சொல்லுங்களேன் அண்ணி, இன்னைக்கே போயிரும்" என்று கெஞ்சினேன். "அந்தக் கவசம் ஒன்னோடது, அதுக்குப் பொய் சொன்னேன். இது எனக்கா வந்தது. இதுக்குச் சொல்ல மாட்டேன்" என்றார்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. நாத்தனார் அந்த ஜாக்கெட்டைத் தானே போட்டுக்கொண்டு வந்தார். பந்தியில் பக்கத்து இலைக்காரி மேல் அவர் கை இரண்டு தடவை உரசியது. அவள், "ஆத்தாடி, குத்துது!" என்று இலையோடு தள்ளி உட்கார்ந்தாள். நாத்தனார் முழங்கையை வசதியாக விரித்து வைத்துக்கொண்டு, இரண்டாம் முறை பாயசம் கேட்டார்.